கடைமடையில் ஓர் அருங்காட்சியகம்

மறைந்துபோன ஒன்றின் நினைவாக எழுப்பப்படும் காட்சியகத்தை எடைபோட எளிய வழி ஒன்று உண்டு. உள்ளே நுழைபவர் என்ன போயிற்று என்று அறிய வருகிறார். வெளியேறும்போது அது எப்படிப் போயிற்று என்பதையும் அறிந்து செல்கிறாரா என்று பார்த்தால் போதும். உஸ்பெகிஸ்தானுக்குட்பட்ட தன்னாட்சிக் குடியரசான கரகல்பாக்கிஸ்தானில், மொய்னாக் என்னும் சிற்றூரில், ஆரல் கடலின் நினைவாக அமைந்துள்ள சிறிய அருங்காட்சியகம் முதல் வினாவுக்கு மனம் கனக்கும்படியான விடையைத் தருகிறது. இரண்டாம் வினாவில் அது தடுமாறுகிறது. அத்தடுமாற்றத்தின் இயல்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆரல் என்பது துருக்கிய மொழிகளில் தீவு எனப் பொருள்படும் சொல். நம் மொழியில் அது ஒரு மீனின் பெயர். ஒலி ஒற்றுமையன்றி இவற்றிடையே வேறு உறவு கிடையாது. கடல் என்று அழைக்கப்பட்டாலும் அது நிலம் சூழ்ந்த ஏரியே. தெற்கிலிருந்து ஆமு தரியாவும் கிழக்கிலிருந்து சிர் தரியாவும் வந்து கலக்க, வெளியேறும் வழியின்றி, வெயிலுக்கு மட்டும் நீரை இழந்துகொண்டு நின்ற நீர்ப்பரப்பு அது. 1960இல் அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைவிடச் சற்றே பெரியது. உலக ஏரிகளுள் நான்காவது. இரு ஆறுகளும் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 55 கன கிலோமீட்டர் நீரைக் கொண்டுவந்து சேர்த்தன. 1980களில் சில ஆண்டுகளில் அவை கொண்டுவந்தது ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. 1980களின் இறுதியில் கடல் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தது. 2014இல் தெற்குக் கடலின் கிழக்குப் பகுதி முற்றிலும் வறண்டு கிடந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இன்று எஞ்சியிருப்பது பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றதெல்லாம் உப்பும் மணலும் கலந்த புதிய பாலை. ஆரல்கும் என்று அதற்குப் பெயரும் இட்டாயிற்று.

நுகுஸ் நகரிலிருந்து மொய்னாக்குக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். இவ்வழியில் பயணம் செய்பவர் காட்சியகத்தின் முதல் அறையை ஊர்போய்ச் சேருமுன்பே பார்த்துவிடுகிறார் எனலாம். சாலையின் இருமருங்கும் பருத்தி வயல்கள், நெல் வயல்கள், அவற்றினூடே மண்ணில் வெட்டிய வாய்க்கால்கள், வரப்போரங்களில் பூத்துக் கிடக்கும் உப்பு. வடக்கே செல்லச் செல்ல வாய்க்கால்கள் மெலிகின்றன; பின் வயல்கள் நிற்கின்றன; பின் புதர்க்காடு. ஒரு நீர்ப்பாசனத்தின் தலைமடையிலிருந்து கடைமடைவரை நம் கண்முன்னே விரிந்து முடிகிறது. ஆனால் இந்த முதல் அறையில் நாம் கண்டதற்கும் ஊரிலுள்ள காட்சியகத்தில் காண்பதற்கும் இடையே இணைப்பு ஏற்படுத்தித் தருவார் இல்லை.

முன்பு ஊருக்குள் இருந்த இக்காட்சியகம் இப்போது பழைய கரைமேட்டை ஒட்டி, துருப்பிடித்த கப்பல்களுக்கு அருகில் உள்ளது. பத்துக்கு மேற்பட்ட மீன்பிடிக் கலங்கள் மேட்டின் அடியில் மணலில் நிற்கின்றன. அவை கடல் விட்டுச்சென்ற இடத்திலேயே நிற்பவை என்று எண்ணிப் படமெடுத்துச் செல்வோரே பலர். உண்மையில் இக்கலங்கள் பார்வையாளருக்காக ஓரிடத்தில் இழுத்துச் சேர்க்கப்பட்டவை. பாலையில் ஆங்காங்கே கிடந்த பல கலங்கள் பழைய இரும்பாக அறுத்து விற்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றைக் காக்க இதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. எனினும் காட்சிப்படுத்துதல் கட்டடத்தின் வாசலுக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை உணர்ந்து உள்ளே செல்வது நல்லது.

உள்ளே காண்பவை எண்ணிக்கையில் சிலவே. வலைகள், படகுச் சாமான்கள், பாடம் செய்யப்பட்ட பறவைகள், விலங்குகள், மீன்கள். மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்வோரின் கறுப்பு-வெள்ளைப் படங்கள். ஆலையின் தகர டப்பாக்கள். எண்ணெய் வண்ண ஓவியங்கள். இவற்றுள் ஓவியங்களே வருபவரை அதிக நேரம் நிறுத்தி வைக்கின்றன. ரஃபாயில் மத்தெவோஸ்யான் போன்றோர் தீட்டிய இப்படங்களில் கடல் இருக்கிறது. துறையில் நெருக்கியடித்து நிற்கும் படகுகள் இருக்கின்றன. வானத்திலும் நீரிலும் மாறிமாறி விளையாடும் நீலம் இருக்கிறது. உயர்ந்த கலை என்று இவற்றைச் சொல்ல முடியாது. இதே குடியரசின் தலைநகரில், இகோர் சவித்ஸ்கி 1966இல் நிறுவிய நுகுஸ் காட்சியகத்தின் ஓவியத் தொகுப்போடு ஒப்பிட்டால் இவை எளியவை, சில இடங்களில் அஞ்சல் அட்டைத் தன்மை கொண்டவை. ஆனால் அந்நீலத்தைச் சன்னலுக்கு வெளியே தெரியும் மணலோடு சேர்த்துப் பார்க்கும்போது, கலைமதிப்பு பற்றிய நம் கணக்குகள் பயனற்றுப் போகின்றன. ஒரு நிறம் எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அது இப்போது இல்லை. படத்தில் மட்டும் இருக்கிறது.

இக்கடலை முதன்முதலில் கண்ணால் கண்டு வரைந்து உலகுக்குக் காட்டியவர் ஒரு கைதி என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 1848–49இல் ரஷ்யக் கடற்படை அதிகாரி அலெக்ஸி புத்தகோவ் ‘கான்ஸ்டன்டின்’ என்னும் பாய்மரக் கப்பலில் ஆரலை அளந்தபோது, தண்டனையாகப் படையில் சேர்க்கப்பட்டு எழுதவும் வரையவும் தடைவிதிக்கப்பட்டிருந்த உக்ரேனியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவைப் படவரைஞராக உடன் அழைத்துச் சென்றார். அத்தடையை மீறிப் பிறந்த நீர்வண்ணப் படங்களே ஆரல் ஓவிய மரபின் தொடக்கம்.

ஓவியங்களுக்கு அடுத்து, தகர டப்பாக்கள். இக்காட்சியகத்தின் பெருமிதம் முழுவதும் இவற்றில் அடங்கியிருக்கிறது. 1950களின் இறுதியில் ஆரலில் ஆண்டுக்கு 40,000 டன்னுக்கு மேல் மீன் பிடிபட்டது. அதில் பெரும்பங்கு மொய்னாக்கிலும், வடகரையில் கசகஸ்தானின் ஆரல்ஸ்க் ஊரிலும் பதனிடப்பட்டது. நீர் குறைந்து உப்பு ஏற ஏற, நன்னீர் சார்ந்த மீன்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. உப்பைத் தாங்கவல்லது என்று அஸோவ் கடலிலிருந்து 1979 முதல் கொண்டுவந்து விடப்பட்ட தட்டைமீன் மட்டும் சில காலம் தாக்குப்பிடித்தது. 1980களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழில் முடிந்தது. ஆனால் ஆலை உடனே மூடப்படவில்லை. ஊருக்கு வேலை வேண்டும் என்பதற்காக, பால்டிக் கரையிலிருந்தும் பசிபிக் கரையிலிருந்தும் உறையவைத்த மீன் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுவரப்பட்டு மொய்னாக்கில் டப்பாவில் அடைக்கப்பட்டது! ஆகவே டப்பாவின் மேல் இவ்வூரின் பெயர் இருப்பதனாலேயே உள்ளே இருந்தது இக்கடலின் மீன் என்று கொள்வதற்கில்லை. கடல் செத்த பின்பும் கடலின் பெயரால் ஆலை ஓடியது என்ற இந்த ஒரு செய்தியை அந்த அலமாரிக்கு மேலே எழுதி வைத்திருந்தால், அதுவே இக்காட்சியகத்தின் மிக வலிமையான காட்சிப்பொருளாகியிருக்கும். டப்பாக்களோ வெற்றிக் கோப்பைகளைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன.

படங்களில் தெரியும் முகங்களையும் உற்று நோக்க வேண்டும். கரகல்பாக்குகள், கசாக்குகள் இருக்கின்றனர். அவர்களோடு ரஷ்ய முகங்களும் கிழக்காசிய முகங்களும் காணப்படுகின்றன. உழைப்பாளர் ஒற்றுமையின் சான்றாகவே இப்படங்கள் ஒருகாலத்தில் எடுக்கப்பட்டன. அம்முகங்கள் இக்கரைக்கு வந்த வழி வேறு. யூரல் ஆற்றங்கரைக் கொசாக்குகளுள் பழைய சமய வழக்கைக் கைவிட மறுத்தவர்கள் ஜார் ஆட்சியால் 1875இல் ஆமுவின் கழிமுகத்துக்கு நாடுகடத்தப்பட்டவர்கள். 1937இல் ஸ்டாலின் ஆட்சி தூரக் கிழக்கிலிருந்து பெயர்த்தெறிந்த கொரியர்களில் ஒரு பகுதியினர் ஆரல் கரையின் மீன்பிடிக் கூட்டுப்பண்ணைகளில் குடியமர்த்தப்பட்டவர்கள். இக்காட்சியகம் பொற்காலம் என்று போற்றும் நாட்களை உருவாக்கிய கைகளில் பல, விரும்பி இங்கே வந்தவை அல்ல. வடகரை ஊரான ஆரல்ஸ்கின் ரயில் நிலையச் சுவரில், 1921ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது லெனின் கேட்டுக்கொண்டதற்கு இணங்க 14 வேகன் மீனை மீனவர்கள் அனுப்பிய நிகழ்ச்சி பெரும் சித்திரமாகப் பதிக்கப்பட்டுள்ளது. இரு ஊர்களும் தம் கடந்த காலத்தை எந்த அரசு எழுதிக் கொடுத்ததோ அந்த அரசின் மொழியிலேயே இன்னமும் நினைவுகூர்கின்றன. கடலை எடுத்துக்கொண்டதும் அதே அரசுதான் என்பதை எண்ணும்போது இதன் விசித்திரம் புலப்படும்.

அடுத்ததாக, ஆண்டுவாரியாகக் கடல் சுருங்குவதைக் காட்டும் வரைபடங்கள். நீலம் சிறிது சிறிதாகக் குறைந்து இறுதியில் மேற்கே ஒரு மெல்லிய கீற்றாக நிற்கிறது. அறிவியல் நோக்கில் பிழையற்ற படங்கள். ஆயினும் தமிழிலக்கணம் பயின்ற வாசகருக்கு இவ்விடத்தில் தன்வினை, பிறவினை என்ற பாகுபாடு நினைவுக்கு வராமல் போகாது. ‘கடல் வற்றியது’ என்பது தன்வினை. ‘கடலை வற்றச் செய்தனர்’ என்பது பிறவினை. வரைபடத்தில் கடல் தானாகவே சுருங்குகிறது. அதற்கு மேலே, வயலுக்கு வயல் பிரிந்துபோன ஆறுகள் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டுவிட்டன. அப்பகுதி மக்களும் ‘கடல் போய்விட்டது’ என்றே சொல்கின்றனர். இழந்தவர்களின் வாயில் அச்சொல் இயல்பானது. மரணத்தைப் பற்றி நாமும் அப்படித்தான் பேசுகிறோம். ஒரு காட்சியகத்தின் மொழியாக அது அமையும்போதுதான் சிக்கல் எழுகிறது.

பிறவினைக்கு எழுவாய் யார்? இதற்கு விடை தேடத் தாஷ்கந்தின் அல்லது மாஸ்கோவின் இரகசியக் கோப்புகள் தேவையில்லை. 1882லேயே, புகழ்பெற்ற ரஷ்யக் காலநிலை அறிஞர் அலெக்சாந்தர் வொயெய்கோவ், ஆரல் கடல் அன்றைய அளவில் நீடிப்பதே அந்த ஆறுகளைப் பயன்படுத்தத் தெரியாத பின்தங்கிய நிலையின் அடையாளம் என்னும் பொருள்பட எழுதிவிட்டார். கடலில் சேரும் நீர் வீணாகும் நீர் என்ற கருத்து சோவியத்துகளின் கண்டுபிடிப்பு அன்று. ஜார் காலத்துச் சிந்தனையை அவர்கள் இயந்திர வலிமையோடு நிறைவேற்றினர் என்பதே சரி. 1954இல் காரகும் கால்வாய் வெட்டத் தொடங்கினர். 1,300 கிலோமீட்டருக்கு மேல் துர்க்மேனியப் பாலை வழியே செல்லும் அக்கால்வாய், பெரும்பகுதி மணலில் பூச்சின்றி வெட்டப்பட்டது. எடுத்த நீரில் கணிசமானதை மணலே குடித்தது. ஆரல் படுகையின் பாசன நிலம் 1960இல் ஏறத்தாழ 45 லட்சம் ஹெக்டேராக இருந்தது, 1990க்குள் 70 லட்சத்தைத் தாண்டியது. கடல் சுருங்கும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். தெரிந்தே, பருத்தியின் வருவாய் மீனின் வருவாயை விடப் பெரிது என்று கணக்குப் போட்டனர்.

அக்கணக்கும் உண்மைக் கணக்கன்று என்பதுதான் இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. 1959 முதல் 1983 வரை உஸ்பெக் கட்சியின் முதற்செயலாளராக இருந்த ஷரஃப் ரஷீதோவின் காலத்தில், விளையாத பருத்தி விளைந்ததாக ஏடுகளில் ஏற்றப்பட்டு, அதற்கு மாஸ்கோ பணமும் கொடுத்தது. அவர் இறந்தபின் இது பெரும் ஊழல் வழக்காக வெடித்தது. நாடு விடுதலையடைந்த பின்னர் ரஷீதோவின் மதிப்பு மீட்டளிக்கப்பட்டது. அவ்வழக்கில் மாஸ்கோவின் ஆணவமும் கலந்திருந்தது என்று உஸ்பெக்குகள் கூறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பகுதி ஏட்டளவில் மட்டுமே இருந்த ஒரு பயிருக்காக முழுக்கடல் ஒன்று செலவிடப்பட்டது என்ற செய்திக்கு மொய்னாக்கில் மனத்தில் நிற்கும்படியான ஓரிடம் தரப்படவில்லை. விடுதலைக்குப் பின்னும் பருத்தியே அரசின் வருவாயாக நீடித்தது; மாணவர்களையும் ஊழியர்களையும் கட்டாயமாக வயலுக்கு அனுப்பும் வழக்கம் அண்மைக்காலம் வரை தொடர்ந்து, அதன் காரணமாக உலக நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியை விலக்கி வைத்திருந்தன; அவ்விலக்கு 2022இல்தான் நீக்கப்பட்டது. பருத்தியைக் குற்றஞ்சாட்டுவது அரசு நடத்தும் ஒரு சிறு காட்சியகத்துக்கு எளிதன்று என்பதைப் புரிந்துகொள்ளலாம். மீனைப் பற்றிப் பேசுவதில் அந்த இடர் இல்லை.

இக்காட்சியகத்தின் காலக்கணக்கு இருபதாம் நூற்றாண்டோடு நின்றுவிடுவது இதைவிடப் பெரிய இழப்பு. இக்கடல் நம் அறிவு மரபுக்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டின் அரபுப் புவியியலாளர்கள் இதைக் குவாரிஸ்ம் ஏரி என்று அழைத்தனர். இப்னு ருஸ்தாவின் நூலில் இது தெளிவான உருவம் பெறுகிறது. ஜைஹூன் ஆறு, அதாவது ஆமு, ஏரியில் விழும் இடத்தில் ஊர் என்று எதுவும் இல்லை, மீனவர்களே தங்கியிருக்கின்றனர் என்ற குறிப்பை இஸ்தக்ரீ தருகிறார். மொய்னாக் மீனவரின் முன்னோர்க்கு இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை. அட்சரகணிதத்தின் தந்தை அல்-குவாரிஸ்மீயின் பெயரே இந்நிலத்தின் பெயர். நாம் ஹதீஸ் தொகுப்பாகப் பயிலும் நூலின் ஆசிரியர் இமாம் திர்மிதீ (ரஹ்) பிறந்த திர்மித் நகரம் இதே ஜைஹூனின் கரையில் உள்ளது. ஸஹீஹ் முஸ்லிமில் சுவனத்து ஆறுகளாகக் கூறப்படும் ஸைஹான், ஜைஹான் என்பவற்றை இவ்விரு ஆறுகளாகவே பலர் கருதி வந்தனர். அவை வேறு, இவை வேறு என்று இமாம் நவவீ (ரஹ்) தம் விரிவுரையில் வேறுபடுத்திக் காட்டுகிறார். பெயர்கள் மயங்கும் அளவுக்கு இந்த ஆறுகள் முஸ்லிம் உலகின் கற்பனையில் நெருக்கமாக ஓடின என்பதற்கு அம்மயக்கமே சான்று.

எல்லோருக்கும் மேலாக, அல்-பிரூனி. 973இல் குவாரிஸ்மின் அன்றைய தலைநகரான காத்தில் பிறந்த அவர், அந்நகரின் ஃபீர் என்னும் கோட்டையை ஜைஹூன் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தின்று, 994 அளவில் சுவடே இல்லாமல் ஆக்கியதைப் பதிவு செய்துள்ளார். அப்போது அவருக்கு வயது 21. பின்னாளில் கஸ்னாவில் இருந்தபோது எழுதிய ‘தஹ்தீத்’ நூலில், ஜைஹூன் முன்பு வேறு வழியில் ஓடியதையும், பாலைகளாக உள்ள நிலங்கள் ஒருகாலத்தில் கடலாக இருந்ததையும், மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் சிப்பிகளைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறார். கடல் பாலையாகும் என்பதை எழுதிய அறிஞர் ஆரல் படுகையின் மைந்தர். ஆரல் காட்சியகத்தில் அவருக்கு ஒரு மாடம் வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

இங்கே ஒரு தடை எழக்கூடும். கடல் முன்பும் வற்றியிருக்கிறது என்றால் இப்போது வற்றியதற்கு யாரையும் குறைசொல்வானேன்? இது வெறும் கற்பனைத் தடையன்று. பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்புவோர் எடுத்தாளும் வாதமே. இதற்கு வலுச்சேர்ப்பது போல, நூற்றாண்டின் தொடக்கத்தில் கசகஸ்தான் பக்கத்தில் வறண்ட கடலடியில் கெர்தெரி என்னுமிடத்தில் ஓர் இஸ்லாமியக் கல்லறை மாடத்தின் இடிபாடுகள் வெளிப்பட்டன. மங்கோலியர் காலத்தையும் அதையொட்டிய காலத்தையும் சேர்ந்தவை அவை. அருகே குடியிருப்பின் தடயங்களும் கிடைத்தன. ஆகப் பதினான்காம் நூற்றாண்டு அளவில் அவ்விடம் நிலமாக இருந்தது, மக்கள் வாழ்ந்தனர், இறந்தவரை அடக்கினர், பின் நீர் திரும்பி வந்து எல்லாவற்றையும் மூடியது.

ஆனால் அன்று நீர் ஏன் விலகியது என்று பார்த்தால் வாதம் தலைகீழாகிவிடுகிறது. 1221இல் மங்கோலியர் குர்கஞ்ச் நகரை அழித்தபோது, ஷைகு நஜ்முத்தீன் குப்ரா (ரஹ்) உயிர்நீத்த அந்த முற்றுகையில், அணை உடைக்கப்பட்டு நகரம் நீரில் மூழ்கியதை இப்னுல் அஸீர் எழுதுகிறார். பராமரிப்பாரற்ற ஆறு மேற்கே சரிகாமிஷ் பள்ளத்தை நோக்கித் திரும்பியது. அன்றைய வறட்சியிலும் இயற்கையோடு மனிதக் கை கலந்திருந்தது. ஆறு மீண்டும் ஆரலுக்குத் திரும்பியது, தாம் பிறப்பதற்கு 30 ஆண்டுகள் முன்பு என்று கீவாவின் கானாகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய அபுல் காஸி குறிக்கிறார். அவர் பிறந்தது 1603. அன்று ஆறு வேறிடம் சென்றது, ஆகவே திரும்ப முடிந்தது. இன்று ஆறு எங்கும் செல்லவில்லை, வயல்களிலேயே முடிந்துவிடுகிறது. கெர்தெரியின் கல்லறை மாடத்தைச் சான்றாகக் கொண்டுவருவோர் இந்த வேறுபாட்டையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

அபுல் காஸிக்குப் பின் கீவாவின் வரலாற்றை எழுதியவர்கள் யார் என்பதில் நம் வாதத்தின் மையம் இருக்கிறது. ‘ஃபிர்தவ்ஸுல் இக்பால்’ என்னும் பெருநூலைத் தொடங்கியவர் ஷேர் முஹம்மது மூனிஸ் (1778–1829). அதை முடித்தவர் அவருடைய மருமகன் ஆகஹீ (1809–1874). இருவரும் கவிஞர்கள், இருவரும் மீராப் பதவி வகித்தவர்கள். மீராப் என்பவர் நீர்ப் பங்கீட்டு அதிகாரி. எந்த வாய்க்காலை எப்போது தூர்வாருவது, எந்தக் கிராமம் எத்தனை ஆள் அனுப்புவது, மதகை எப்போது திறப்பது என்பனவெல்லாம் அவர் பொறுப்பில் அடங்கும். ஆண்டுதோறும் ஊரார் கூடி வாய்க்கால் வெட்டும் ‘ஹஷர்’ முறை, நம் பக்கத்துக் குடிமராமத்தை ஒத்தது. இதைச் சொல்வதால் பழைய கீவாவைப் பொற்காலமாக்குவதாகக் கொள்ளலாகாது. அடிமைச் சந்தைக்குப் பெயர்போன ஊர் அது, ஹஷர் உழைப்பும் எளிய குடிகளின் முதுகில்தான் விழுந்தது. ஆனால் நாட்டின் நினைவை எழுதிய அதே கை நாட்டின் நீரையும் பங்கிட்டது. ஆகவே அவ்வரலாற்று நூல்களில் அணை உடைவும் அரசன் முடிசூட்டும் ஒரே தரத்து நிகழ்ச்சிகளாக இடம்பெறுகின்றன. இக்காட்சியகத்தில் நினைவு ஒருபுறமும் நீர் மறுபுறமும் பிரிந்து கிடக்கின்றன. மீனவனின் வலைக்கு இடம் உண்டு. மீராபின் மதகுக்கு இடம் இல்லை.

நீர்ப் பங்கீடு பற்றி நம் மரபில் உள்ள அடிப்படை வழக்கும் மேல்-கீழ் நிலத்தார் வழக்கே. ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரி ஒருவருக்கும் ஹர்ரா வாய்க்கால் குறித்து எழுந்த பிணக்கு புகாரியில் இடம்பெறுகிறது. மேலுள்ளவர் முதலில் பாய்ச்சிக்கொண்டு பின் கீழுள்ளவருக்கு விட்டுவிட வேண்டும் என்பதே நபி (ஸல்) அவர்களின் முதல் தீர்ப்பு; எதிராளி அதை ஏற்க மறுத்துக் குறைபட்ட பின்னரே மேலுள்ளவரின் முழு உரிமையும் எடுத்துரைக்கப்பட்டது. அம்முழு உரிமைக்கும் ஓர் அளவு உண்டு: கணுக்கால் அளவு நிற்கும்வரை என்று அபூதாவூதில் வரும் மற்றொரு வழக்கு வரையறுக்கிறது. சட்ட அறிஞர்கள் இவற்றிலிருந்து பெற்ற முடிவு இரு பகுதிகள் கொண்டது. தலைமடைக்கு முன்னுரிமை உண்டு. அம்முன்னுரிமைக்கு எல்லை உண்டு. இப்பகுதிகளில் முதலாவதை மட்டும் எல்லாக் காலத்திலும் எல்லா அரசுகளும் எளிதில் நினைவில் வைத்துக்கொள்கின்றன.

கடல் முழுவதும் மீட்கப்பட முடியாதது என்பது இன்று அறிஞர்களின் பொதுக்கருத்து. பகுதியளவு மீட்பு இயலும் என்பதற்கு வடக்கே சான்று உண்டு. உலக வங்கியின் உதவியோடு கசகஸ்தான் 2005இல் கட்டிமுடித்த, சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள கோக்-ஆரல் அணை, சிர் தரியாவின் நீரைச் சிறிய வடகடலில் தேக்கியது. நீர்மட்டம் எதிர்பார்த்ததைவிட விரைவில் உயர்ந்தது, உப்பு தணிந்தது, மீன்கள் திரும்பின, ஆரல்ஸ்க் வட்டாரத்தில் மீன்பிடிப்பு மீண்டும் தொழிலானது. தெற்கே மொய்னாக்குக்கு அப்பேறு வாய்க்கவில்லை. ஆமு அங்கே வந்து சேர்வதில்லை. உஸ்பெக் அரசு 2018 முதல் கடலடியில் சக்சாவுல் மரக்கன்றுகளைப் பெருமளவில் நட்டு வருகிறது. உப்புத் தூசியை அடக்க அது பயன்படும். ‘மறுபிறப்பு’ என்று பொருள்படும் பெயருடைய தீவில் சோவியத் படை நடத்திவந்த உயிரியல் ஆயுதக் களம் 1992இல் மூடப்பட்டது. நீர் விலகியதால் அத்தீவும் 2001 வாக்கில் நிலத்தோடு ஒட்டிவிட்டது. அதன் கதையும் சுவரில் ஏறத்தக்கதே.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி, ஆமுவின் மேற்பகுதியில் புதிய கால்வாய் ஒன்று வெட்டப்பட்டு வருகிறது. ஆப்கானிஸ்தானின் தாலிபான் அரசு 2022இல் தொடங்கிய கோஷ் தெபா கால்வாய், வடக்கு மாகாணங்களுக்கு நீர்கொண்டு செல்ல 285 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டது. முதற்கட்டமாக 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பகுதி 2023இல் தோண்டி முடிக்கப்பட்டது. பஞ்சமும் போரும் கண்ட அந்நாட்டு விவசாயிக்குத் தன் எல்லையில் ஓடும் ஆற்றில் உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அறுபதாண்டுகளாக அதே ஆற்றைப் பருத்திக்குத் திருப்பியவர்கள் சொல்லவே முடியாது. 1992இல் ஐந்து மத்திய ஆசிய நாடுகள் அல்மாட்டியில் கூடி நீர்ப் பங்கு பற்றி ஒப்பந்தம் செய்தபோது ஆப்கானிஸ்தான் அதில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. இப்போது முஸ்லிம் நாடுகளே மேலும் கீழுமாக நிற்கும் இவ்வழக்கில், மண்ணில் பூச்சின்றி வெட்டப்படும் கால்வாய் எவ்வளவு நீரை மணலுக்குக் கொடுக்கும் என்பதைச் சொல்ல காரகும் கால்வாயின் அனுபவம் கையில் இருக்கிறது. மொய்னாக்கின் வரைபடங்களுக்குப் பக்கத்தில், ஆமுவை மலையிலிருந்து மணல்வரை முழுவதுமாகக் காட்டி, எடுப்பு வாய்க்கால் ஒவ்வொன்றையும் அது வெட்டப்பட்ட ஆண்டோடு குறித்த ஒரு படத்தை மாட்டுவதற்கு ஆகும் செலவு அதிகமிராது. அதில் 1954க்கும் 2022க்கும் ஒரே அளவு எழுத்து போதும்.